‘தி மேன் ஆஃப் ஃபீலிங்’ படித்து உண்மையிலேயே அழுதார்களா?

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: பாடத்தில் ஹென்றி மெக்கென்சி 1771-இல் எழுதிய ‘தி மேன் ஆஃப் ஃபீலிங்’ நாவல் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதைப் படித்துத் தேம்பித் தேம்பி அழுதார்கள் என்று வகுப்பில் சொன்னார்களாம். இவருக்கோ பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு வருகிறது. அழுதது நிஜமா, ஆசிரியர் கிண்டலாகவே எழுதினாரா, நாவலில் சிந்தும் கண்ணீரை யாரோ எண்ணிப் பட்டியல் போட்டார்களாமே அது உண்மையா என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் கேட்காமல் கேட்டிருப்பது இன்னொன்று என்று எனக்குத் தோன்றுகிறது: “எனக்குச் சிரிப்பு வருகிறதே, நான் தப்பாகப் படிக்கிறேனா?”

இந்த நாவலைக் கல்லூரியில் பல வருடம் நடத்தியிருக்கிறேன். நடத்திய எல்லா வருடமும் வகுப்பில் யாராவது சிரித்துவிடுவார்கள். அதனால் முதலில் உங்களுக்கு ஒரு ஆறுதல். இந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சிரிப்பது இன்று நேற்று தொடங்கியதல்ல. அது வெளிவந்த நாட்களிலேயே படித்த ஒருவரே, ஐம்பத்தைந்து வருடம் கழித்து, எல்லோரும் சிரித்துவிட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்.

அவர் லேடி லூயிசா ஸ்டூவர்ட். பிரிட்டனின் பிரதமராக இருந்த பியூட் பிரபுவின் மகள். 1826-இல், தன் 69-ஆவது வயதில், நண்பரான நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டுக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் புத்தகம் வெளிவந்த நாட்களை நினைவுகூர்கிறார். அம்மாவும் அக்காக்களும் அதைப் படித்து அழுததும், அதிலேயே மூழ்கிக் கிடந்ததும் நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். அப்போது அவருக்குப் பதினான்கு வயது. புத்தகம் தன் கைக்கு வந்தபோது அவருக்குள் ஒரு ரகசியப் பயம் இருந்திருக்கிறது: நல்ல மனசுக்காரி என்று பெயர் வாங்கும் அளவுக்கு நமக்கு அழுகை வருமா, வராதா? அப்புறம் பல வருடம் கழித்து, ஒரு மாலை நேரத்தில் கூடியிருந்தவர்களுக்கு அதே புத்தகத்தை இவரே படித்துக் காட்டுகிறார். யாரும் அழவில்லை. தான் ஒருகாலத்தில் நுட்பத்தின் உச்சம் என்று நினைத்த இடங்களில் அவர்கள் சிரித்தார்கள். மாறியது புத்தகமா, நானா என்று கேட்டுக்கொள்கிறார்.

உங்கள் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அழுதார்கள் என்பது உறுதி. ஆனால் அந்தப் பதினான்கு வயதுப் பெண்ணின் பயத்தைக் கவனியுங்கள். இழவு வீட்டில் கண்ணீர் வராதவர்கள் முந்தானையை முகத்தில் வைத்துக்கொள்வது போன்ற ஒரு நெருக்கடி அது. எவ்வளவு கண்ணீர் தானாக வந்தது, எவ்வளவு பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறாரே என்று வந்தது என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் கையில் இருக்கும் சாட்சிகள் பெரும்பாலும் கடிதம் எழுதி, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் வசதி இருந்த வீடுகளிலிருந்து வந்தவை. அந்த வீட்டுச் சமையல்காரப் பெண்மணி இதைக் கேட்டு என்ன நினைத்தார் என்பது எங்கும் பதிவாகவில்லை. ஆகவே ‘இங்கிலாந்தே அழுதது’ என்று யாராவது எழுதினால் அதைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

ஏன் அழுதார்கள் என்பதற்கு அந்தக் காலத்துச் சிந்தனையில் காரணம் இருக்கிறது. ஆடம் ஸ்மித் என்றால் நமக்குப் பொருளாதாரம்தான் நினைவுக்கு வரும். அவர் அதற்கு முன்பே, 1759-இல், அறவுணர்வு பற்றி ஒரு பெரிய நூல் எழுதிவிட்டார். இன்னொருவன் துன்பப்படும்போது நாம் கற்பனையால் அவன் இடத்தில் போய் நிற்கிறோம், அறம் என்பதே அங்கிருந்துதான் முளைக்கிறது என்பது அதன் அடிப்படை. மெக்கென்சி வளர்ந்தது அந்த ஸ்காட்லாந்துச் சூழலில்தான். இன்னொரு பக்கம், ஜார்ஜ் செய்ன் போன்ற மருத்துவர்கள், மென்மையான நரம்பு உள்ளவர்கள்தான் அதிகம் பாதிக்கப்படுவார்கள், அது அறிவும் நாகரிகமும் உள்ளவர்களுக்கே வரும் கோளாறு என்ற எண்ணத்தைப் பரப்பியிருந்தார்கள். இரண்டும் சேர்ந்தபோது கண்ணீர் ஒரு சான்றிதழ் ஆகிவிட்டது. அழுதால் நல்லவர், அதோடு உயர்ந்தவரும்கூட. நாவலைத் தனியாக மூலையில் உட்கார்ந்து படிப்பதைவிட வீட்டில் கூடி உட்கார்ந்து ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது சாதாரணமாக இருந்த காலம் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாவலைப் படிக்காமல் இந்தப் பதிலைப் படிப்பவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹார்லி என்ற சாதுவான கிராமத்து இளைஞன், கொஞ்சம் அரசு நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு லண்டன் போகிறான். குத்தகை கிடைக்கவில்லை. ஏமாறுகிறான், அழுகிறான், ஊருக்குத் திரும்புகிறான், காதலைச் சொல்லிவிட்டு இறந்துபோகிறான். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். நடுவில் பைத்தியக்கார விடுதி, விலைமகளாக்கப்பட்ட பெண், போரிலிருந்து திரும்பும் கிழவர் என்று துன்பக் காட்சிகள் வரிசையாக வருகின்றன.

இரண்டாவது கேள்விதான் கஷ்டமானது: ஆசிரியர் கிண்டல் செய்தாரா? இதைப் பற்றி ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. கிண்டல் இல்லை என்பதற்கு நேரடியான ஆதாரம் ஒன்று இருக்கிறது. 1769-இல், எழுதிக்கொண்டிருந்தபோதே, தன் உறவினர் எலிசபெத் ரோஸுக்கு எழுதிய கடிதத்தில் மெக்கென்சி தன் திட்டத்தைச் சொல்கிறார்: இளகிய மனசுக்காரன் ஒருவனைப் பலவிதமான சூழ்நிலைகளில் நிறுத்தி, அவன் உணர்வுகள் என்ன செய்கின்றன என்று காட்ட வேண்டும். இதில் நையாண்டியின் சாயல்கூட இல்லை. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கங்களிலேயே ஒரு குறும்பு உட்கார்ந்திருக்கிறது. வேட்டைக்குப் போன ஒருவருக்கு, கூட வந்த பாதிரியாரிடமிருந்து ஒரு கையெழுத்துப் பிரதி கிடைக்கிறது. பாதிரியார் அதன் தாள்களைக் கிழித்துத் துப்பாக்கியில் மருந்தை அடைக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். அதனால்தான் நாவல் பதினோராவது அத்தியாயத்தில் தொடங்குகிறது, நடுநடுவே அத்தியாயங்கள் காணாமல் போகின்றன. வேட்டைக்காரரிடமும் அதே வேலைக்கு ஒரு கனமான ஜெர்மன் நூல் இருக்கிறது, இருவரும் மாற்றிக்கொள்கிறார்கள். பிறகு அவர் சொல்வதுதான் அருமை. சில சின்ன இடங்கள் தன் மனதைத் தொட்டன, தலைப்புப் பக்கத்தில் ரூசோ, ரிச்சர்ட்சன் மாதிரி ஒரு புகழ்பெற்ற எழுத்தாளர் பெயர் இருந்திருந்தால் அழுதே இருப்பேன், ஆனால் யாரோ பெயர் தெரியாதவன் எழுதியதற்கு அழ வெட்கமாக இருக்கிறது என்கிறார். நாவல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். கண்ணீர் எப்படி ஊரைப் பார்த்து வருகிறது என்பது 25 வயது மெக்கென்சிக்கு லேடி லூயிசாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

பிச்சைக்காரன் வரும் அத்தியாயத்தையும் பாருங்கள். ஹார்லி வழியில் ஒருவனைச் சந்திக்கிறான். நாயை வைத்துக்கொண்டு குறி சொல்லிப் பிழைப்பவன். அவன் தன் தொழில் ரகசியத்தைச் சொல்கிறான்: ஜனங்கள் சும்மா தர்மம் செய்யமாட்டார்கள், ஒரு மரக்காலோ சூம்பிய கையோ இருந்தால் அது சொர்க்கத்தின் பேரில் எழுதிய காசோலை மாதிரி, போட்ட பணம் அங்கே கணக்கில் ஏறும் என்ற நம்பிக்கை, என்னிடம் அந்த இரண்டும் இல்லை, அதனால் மற்றவர்களுக்கு நல்ல எதிர்காலம் சொல்ல ஆரம்பித்தேன். ஹார்லி ஒரு ஷில்லிங்கை எடுக்கிறான். இப்படிப்பட்டவனுக்கா கொடுப்பது என்று அறம் அவன் கையைப் பிடித்து இழுக்கிறது. அறத்தைப் போலக் கடுமை இல்லாத அதன் தங்கை ஒருத்தி அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். விரல்கள் தளர்கின்றன, காசு விழுகிறது. விழுந்த காசை நாய் கவ்விக்கொண்டு போய், வழக்கமான காரியஸ்தர்கள் யாரும் செய்யாதபடி, அப்படியே எஜமானிடம் கொடுத்துவிடுகிறது. இதைப் படித்துச் சிரிக்காதவர்தான் தப்பாகப் படிக்கிறார். தர்மம் செய்கிறவனின் கணக்கையும், காரியஸ்தர்களின் கைநீளத்தையும் ஒரே மூச்சில் தொட்டுவிட்டுப் போகிற எழுத்து இது.

மறுபக்கம், கடைசிக் காட்சியில் எனக்கு எந்தக் குறும்பும் தென்படவில்லை. நோயில் கிடக்கும் ஹார்லியைப் பார்க்க மிஸ் வால்டன் வருகிறாள். அவன் தன் காதலைச் சொல்கிறான். அவளும் மறுக்கவில்லை, அவள் மனசிலும் அவன் இருப்பது தெரிகிறது. அவன் அவள் கையைப் பிடிக்கிறான், கன்னத்தில் லேசாக நிறம் ஏறுகிறது, கண்ணில் ஒரு சிரிப்பு மின்னுகிறது, மங்குகிறது, கண் மூடுகிறது. காதல் கைகூடியதாலேயே செத்துப்போகிறவனைப் பார்த்து இன்றைய வாசகனுக்குச் சிரிப்பு வரலாம். எழுதியவர் சிரித்துக்கொண்டு எழுதினார் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. ஆக என் முடிவு இது: நாவல் கேலிக்காக எழுதப்பட்டதல்ல. ஆனால் இளகிய மனசு உலகத்தில் என்ன பாடுபடும், அதை யார் யார் எப்படிப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பது தெரிந்த ஒருவர், அந்த மனசின் பக்கமே நின்று எழுதியது. இதை மறுக்கும் நல்ல கட்டுரைகளும் உண்டு. தேர்வில் ‘இப்படியும் வாசிக்கலாம்’ என்ற அளவில் எழுதினால் போதும்.

மெக்கென்சியின் வாழ்க்கையைப் பார்த்தாலும் இந்த இரட்டைத்தன்மை தெரியும். எடின்பரோவில் அரசு வருவாய் வழக்குகளை நடத்திய வக்கீல். பிற்காலத்தில் வரித்துறையில் உயர் பதவி வகித்தார். துப்பாக்கி, மீன்பிடிப்பு, அரட்டை எல்லாம் பிடிக்கும். அவரைத் தெரிந்த காக்பர்ன் பிரபு, வெளியூர்க்காரர்கள் அவரை ஹார்லி போல வாடிய முகத்தோடு கற்பனை செய்துகொண்டு வருவார்கள், ஆள் உலக விவகாரம் நன்றாகத் தெரிந்த கெட்டிக்காரர் என்று எழுதியிருக்கிறார். சேவல் சண்டை பார்த்துவிட்டு வந்து உற்சாகமாக வர்ணித்தபோது, “ஹாரி, உங்கள் உணர்ச்சியெல்லாம் காகிதத்தில்தான்” என்று மனைவி சொன்னதாக ஒரு கதையும் உண்டு. அது செவிவழிக் கதை, ஆதாரமாக வைக்காதீர்கள். சுவாரசியத்துக்குச் சொன்னேன்.

பெயர் போடாமல் வெளியிட்டதால் நடந்த கூத்து ஒன்று இருக்கிறது, அதற்கு டாக்டர் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல்லே சாட்சி. பாத் நகரில் இருந்த எக்கிள்ஸ் என்ற ஐரிஷ் பாதிரியார், நாவலை எழுதியது தானே என்று சொல்லிக்கொண்டார். சும்மா சொல்லவில்லை. முழுப் புத்தகத்தையும் கையால் படியெடுத்து, அங்கங்கே மையைச் சிந்தி, வரிக்கு நடுவே திருத்தம் போட்டு, அடித்து எழுதி, இதோ என் மூலப் பிரதி என்று பலருக்குக் காட்டியிருக்கிறார். பதிப்பாளர்கள் மறுத்து அறிவிக்க வேண்டியதாயிற்று. இதே எக்கிள்ஸ் 1777-இல் ஏவன் ஆற்றில் தத்தளித்த ஒரு சிறுவனைக் காப்பாற்றக் குதித்து மூழ்கி இறந்தார். போலியாக ஹார்லியை உரிமை கொண்டாடியவர் ஹார்லி செய்யக்கூடிய ஒரு காரியத்தில் உயிரைவிட்டார் என்பதை நாவலாசிரியர் எழுதியிருந்தால் நம்பமாட்டோம்.

வாசகர்களில் இன்னொருவரை விட்டுவிடக் கூடாது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ், 1783-இல், 24 வயது நிரம்பும் முன், யாருக்கும் தெரியாத உழவராக இருந்தபோது தன் பழைய வாத்தியாருக்கு எழுதிய கடிதத்தில், பைபிளுக்கு அடுத்து தான் போற்றுவது இந்தப் புத்தகம் என்கிறார். மூன்று வருடம் கழித்து அவருடைய கவிதைகளை எடின்பரோவுக்கு அறிமுகப்படுத்தி, வானமே கல்வி கொடுத்த உழவன் என்ற பட்டத்தோடு கட்டுரை எழுதியவர் அதே மெக்கென்சிதான். ஆனால் 1790-இல் மிஸஸ் டன்லப் என்ற தோழிக்கு எழுதும்போது பர்ன்ஸின் குரலில் ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. புத்தகத்தை இன்னமும் நேசிக்கிறார். ஆனால் இந்த மென்மை, உலகத்தில் ஒரு வழி தேடிக்கொள்ள வேண்டிய இளைஞனுக்கு உதவாமல் போகுமோ, அவனைத் தகுதியற்றவனாகவே ஆக்கிவிடுமோ என்று கேட்கிறார். பண்ணையில் நஷ்டம் கண்டு, சுங்கவரி அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவரின் கேள்வி அது. மெக்கென்சியே 1785-இல் தன் ‘தி லவுஞ்சர்’ இதழில் கிட்டத்தட்ட இதையே எச்சரித்திருக்கிறார்: சில நாவல்கள் உணர்ச்சியையும் மனசாட்சியையும் பிரித்துவிடுகின்றன, வெறும் நெகிழ்ச்சியை நிஜமான கடமைக்குப் பதிலாக வைத்துவிடுகின்றன என்று.

பிறகு காற்று திசைமாறியது. இது ஒரே நாளில் நடந்ததல்ல. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, ரூசோவின் உணர்ச்சிதான் கடைசியில் கில்லட்டினில் போய் முடிந்தது என்று பழமைவாதிகள் சொல்ல ஆரம்பித்தார்கள். 1798-இல் கில்ரே வரைந்த ஒரு கேலிச்சித்திரத்தில் ‘உணர்ச்சி’ என்ற பெண், செத்த குருவிக்காக அழுகிறாள். அவள் கால் மிதித்திருப்பது ஒரு மன்னனின் வெட்டுண்ட தலையை. எதிர்ப்பக்கத்திலிருந்தும் அடி விழுந்தது. 1796-இல் கவிஞர் கோல்ரிட்ஜ் அடிமை வணிகத்தைப் பற்றி எழுதும்போது, நாவல் நாயகர்களின் நுட்பமான சோகத்துக்கு அழுதுகொண்டே மனித ரத்தத்தால் இனிப்பூட்டிய தேநீரை உறிஞ்சும் சீமாட்டியைக் காட்டுகிறார். அந்தச் சர்க்கரை மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்தது. வலதும் இடதும் சேர்ந்து கண்ணீரைச் சந்தேகிக்கத் தொடங்கிய பிறகு, 1826-இல் அந்த அறையில் சிரிப்பு எழுந்தது ஆச்சரியமில்லை.

இங்கேதான், இந்தியாவில் இருந்துகொண்டு படிக்கும் உங்களுக்கு, பெரும்பாலான உரைநூல்கள் ஓரிரு வரியில் தாண்டிவிடும் ஒரு பகுதியைச் சொல்ல வேண்டும். போரிலிருந்து திரும்பும் கிழவர் என்றேனே, அவர் எட்வர்ட்ஸ். பண்ணையிலிருந்து துரத்தப்பட்டு, மகனைப் படைக்குப் பிடித்துப்போக வந்தவர்களிடம் மகனுக்குப் பதிலாகத் தானே போகிறேன் என்று இந்தியாவுக்கு வந்தவர். இங்கே ஒரு வயதான இந்தியரிடம் புதையல் இருப்பதாக நினைத்து, அது எங்கே என்று சொல்லும்வரை தினமும் காலையில் அவரைச் சவுக்கால் அடிக்கிறார்கள். காவலில் நின்ற எட்வர்ட்ஸ் இரவில் அவரை அவிழ்த்துவிடுகிறார். அதற்காக இவருக்குச் சவுக்கடி. பிறகு முகாமைவிட்டு விரட்டுகிறார்கள். வழியில் அந்த இந்தியர் வந்து காப்பாற்றி, நீ ஆங்கிலேயன், ஆனால் மகாசக்தி உனக்கு இந்திய இதயத்தைக் கொடுத்திருக்கிறது என்று சொல்லிப் பொற்காசுகளைத் தருகிறார். அந்தப் பேச்சு நம் ஊர்ப் பேச்சாக இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அமெரிக்கப் பழங்குடி மக்கள் வாயில் ஐரோப்பிய எழுத்தாளர்கள் போடும் வசனம் அது. மெக்கென்சிக்கு இந்தியா தெரியாது. ஆனால் இதைத் தொடர்ந்து ஹார்லி பேசுவது வேறு மாதிரி. வியாபாரத்துக்கென்று நட்பாக ஏற்றுக்கொண்டவர்கள் நாட்டில் சட்டம் போட நமக்கு என்ன உரிமை? நம் ஆட்சியில் அவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்பதை நான் நம்பவில்லை. நவாபுகளின் கஜானாவை நாம் காலி செய்கிறோம், அதை நிரப்ப அவர்கள் குடிகளைக் கசக்குகிறார்கள். கௌரவமான ஏழையாக இந்தியாவிலிருந்து திரும்பும் ஒரு தளபதியை எப்போது பார்ப்பேன்? 1765-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தின் திவானி உரிமையை, அதாவது வரி வசூலிக்கும் உரிமையை, பெற்றது. 1770-இல் வங்காளப் பஞ்சம். 1771-இல் இந்தப் பக்கங்கள். கிளைவ் மீது நாடாளுமன்றம் விசாரணை தொடங்குவதற்கு முன்பே அச்சில் வந்தவை. ஹார்லி இப்படிப் பேசும் துண்டுக்கு மெக்கென்சி வைத்த தலைப்போ, உணர்ச்சிக்காரன் தனக்குப் புரியாததைப் பற்றிப் பேசுகிறான் என்பது. அது அடக்கமா, தணிக்கைக்குப் பயந்த கவசமா, மேலும் ஒரு குறும்பா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு மூன்றாவது பிடித்திருக்கிறது.

கடைசியாகக் கண்ணீர்ப் பட்டியல். அது உண்மைதான். 1886-இல் ஹென்றி மார்லி என்ற பேராசிரியர், காசல் நிறுவனத்தின் மலிவு விலை வரிசையில் இந்த நாவலைப் பதிப்பித்தபோது ‘கண்ணீர் அகராதி’ ஒன்றைச் சேர்த்தார். கண்ணீரால் நனைந்த கண்கள், கட்டுக்கடங்காமல் பெருகிய கண்ணீர், ஒரே ஒரு துளி, அதற்கு மேல் இல்லை என்கிற ரீதியில் பக்க எண்களோடு போகிறது. தொண்டை அடைத்தது முதலியவை கணக்கில் சேரவில்லை என்று தலைப்பிலேயே அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு வேறு. படித்தால் விழுந்து விழுந்து சிரிக்கலாம். ஆனால் அது புத்தகம் வந்து 115 வருடம் கழித்து, விக்டோரியா காலத்துப் பேராசிரியர் ஒருவர் போட்ட நகைச்சுவை. 1771-இன் வாசகர்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. 1886-இன் வாசகர்களைப் பற்றித்தான் சொல்லும். மாணவர் கட்டுரைகள் பலவற்றில் இரண்டும் குழம்பிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அழுகைக்குச் சான்று வேண்டுமென்றால் லேடி லூயிசாவின் கடிதத்தையும் பர்ன்ஸின் இரண்டு கடிதங்களையும் காட்டுங்கள்; மார்லியை, சிரிப்பு எப்போது பாடப்புத்தகத்துக்குள்ளேயே நுழைந்தது என்று சொல்லும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாவலை முழுதாக மறுபடி படிக்க நேரமில்லையென்றால் முன்னுரை, 14-ஆவது அத்தியாயம், பெட்லம் என்ற அந்தப் பைத்தியக்கார விடுதி வரும் 20, எட்வர்ட்ஸ் வரும் 34, அதற்குப் பின்னால் வரும் இந்தியத் துண்டு, இவ்வளவையும் பென்சிலோடு ஒரு தடவை படித்துவிட்டுத் தேர்வுக்குப் போங்கள்.